வறுத்த கம்பு

பெங்களூரு
2.4.2025

அன்புள்ள தம்பி பழனிக்குமாருக்கு,

அக்கா சுகமாக இருக்கிறேன். உன் உடம்பு எப்படி? அம்மாவின் முட்டுவலி குறைந்திருக்கிறதா?

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று தலையைச் சொறிவாய். போனில் நான் பாதி சொல்லும்போதே "டவர் இல்லக்கா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் அரை மணி நேரத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போய்விடுகிறது. காகிதத்துக்கு டவர் தேவையில்லை. முழுதாகப் படி.

உனக்கு நிச்சயம் முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். தமிழ்மதியின் முகம் போட்டோவில் லட்சணமாக இருக்கிறது. அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னாயாமே. நான் லீவே கேட்கவில்லை. நீ தேதியே சொல்லவில்லை.

சித்தி போன் செய்து, "நீ வேல பாக்குறது எந்த பிஸ்கட்டு கம்பெனிம்மா? வாரப்ப ரெண்டு பாக்கெட் கொண்டா" என்றார். வத்தலக்குண்டு சம்பந்தி வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாயாம். ஏலே, நான் பீர் காய்ச்சுகிறேன். ஆறு வருஷமாக. லைசென்ஸ் உள்ள இடத்தில், எட்டுத் தொட்டிகளுக்குப் பொறுப்பாக. திண்டுக்கல் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தது இதற்குத்தான் உதவியது. எதற்கு பிஸ்கட்?

ஆவணியில் கல்யாணம். தாலியில் முதல் முடிச்சு நீ போடுவாய், அடுத்த இரண்டும் கூடப்பிறந்தவள் போட வேண்டியது. உனக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். வருவேன், போடுவேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்வேன்.

இன்னொன்று. ஜூலையில் இங்கே சின்னச் சின்ன பீர்க்கூடங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டம் நடத்துகிறோம். அதற்கு நம் காட்டுக் கம்பில் காய்ச்ச ஆசை. சித்திரை அறுப்பு முடிந்ததும் ஒரு சின்ன மூட்டை அனுப்பு. முளைகட்ட வேண்டும், அதனால் புதுக் கம்பாக இருக்கட்டும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
கௌசல்யா

*

ஆத்தூர்
21.4.2025

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதியது. இங்கே எல்லோரும் நலம். உன் நலத்துக்கு ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன்.

அணையில் தண்ணீர் கிடக்கிறது, கிணற்றுக்குக் குறையில்லை. தென்னையில் வண்டு விழுந்து இரண்டு மரம் போய்விட்டது. கம்பு நன்றாகக் கதிர் பிடித்திருக்கிறது. அறுத்ததும் அனுப்புகிறேன்.

நீ எழுதிய மற்ற விஷயம். மாமனார் உடையப்பன் வத்தலக்குண்டில் உரக்கடை வைத்திருப்பவர். நாலு பேர் வந்து போகிற இடம். மூத்தவள் கல்யாணம் ஆகாமல் இருக்கும்போது தம்பிக்கு முடிக்கிறார்களே என்று ஏற்கெனவே ஒரு பேச்சு ஓடுகிறது. அதற்கு மேல் இதுவும் வேண்டாம். நம் அப்பா எப்படிப் போனார் என்று ஊருக்கே தெரியும். அவர் மகள் சாராய வேலை பார்க்கிறாள் என்றால் சிரிப்பார்கள். அம்மாவுக்கும் இதில் வருத்தம்தான். அவளிடம் அந்தப் பேச்சை எடுக்காதே, அழுவாள்.

கல்யாணத்துக்கு வா. பிஸ்கட் கம்பெனி என்று ஒரு வார்த்தை சொல், போதும். சொல்ல மனசில்லை என்றால் பெரியப்பா மகள் ரேவதி முடிச்சுப் போடட்டும் என்று பெரியப்பா சொல்கிறார். நான் இன்னும் சரி சொல்லவில்லை.

வெயிலில் அலையாதே. மோர் நிறையக் குடி.

அன்புத் தம்பி,
பழனிக்குமார்

*

பெங்களூரு
26.4.2025

பழனிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, கோபம் மட்டும்தான் இருக்கிறது.

சாராய வேலையா? போன வருஷம் உன் கூட்டாளிகளோடு இங்கே வந்து நான் காய்ச்சியதை மூன்று கிளாஸ் குடித்தாய். "நல்லாத்தான்க்கா இருக்கு, கசப்பே தெரியல" என்று நாக்கைச் சப்புக்கொட்டினாய். அது நிச்சயமாக பிஸ்கட் இல்லை.

ஊர் சிரிக்குமா? எந்த ஊர்? ஆறு மணியானால் கடை வாசலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிற ஊரா? அதில் முதல் ஆளாக நிற்பவர் பெரியப்பா. வாங்கிக் குடித்தால் மானம் போகாது, செய்து கொடுத்தால் போய்விடும். அதுவும் பொம்பளை செய்தால்.

அப்பா செத்ததை நானும் மறக்கவில்லை. குடியில் வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தவர் பக்கத்தில் நாம் மூன்று பேரும்தான் இருந்தோம். அதனால்தான் இந்த வேலையில் சேர்ந்தபோது அம்மாவிடம் நானே நேரில் சொல்கிறேன் என்றேன். "நான் பக்குவமாச் சொல்லிக்கிறேங்க்கா" என்று நீதான் தடுத்தாய். சொல்லிவிட்டேன் என்றாய். அதற்குப் பிறகு அம்மா போனில் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. "கம்பெனியில சோறு நல்லாருக்கா" என்பாள், அவ்வளவுதான். அவள் வருத்தத்தைக் கிளற வேண்டாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெரியப்பா சொல்வது எனக்கு மயிருக்குச் சமம். அம்மா சொன்னாளா? பிஸ்கட் என்று சொல்லச் சொன்னது அம்மாவா? அம்மா சொன்னாள் என்றால் மட்டும் யோசிக்கிறேன்.

கூட்டத்து வேலைகள் ஆரம்பித்துவிட்டன. இருபது கூடங்கள் வருகின்றன. ஆளுக்கு ஒரே ஒரு பீப்பாய், கம்பெனிப் பெயர் கிடையாது. பீப்பாய்க்கு மேலே ஒரு கரும்பலகை. காய்ச்சியவர் பெயர், ஊர், தானியம் யார் கொடுத்தது, மூன்றையும் அவரவர் கையால் சாக்பீஸில் எழுத வேண்டும். அதுதான் இங்கே வழக்கம். ஒளிந்துகொண்டு காய்ச்ச முடியாது.

அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தாயா?

கௌசல்யா

*

ஆத்தூர்
24.5.2025

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் நலத்துக்கு எழுது. பத்திரிகை அடிக்கிற வேலை, மண்டப வேலை என்று அலைந்ததில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

கம்பு மூட்டையை நேற்று திண்டுக்கல்லில் பெங்களூரு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அம்மாவே புடைத்து, கல் பொறுக்கி, தன் கையால் மூட்டை கட்டினாள்.

நீ கேட்டதற்கு: ஆமாம், அம்மாதான் சொன்னாள். அவள் மனசு நோகாமல் நடந்துகொள்.

பத்திரிகையில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன்.

தம்பி,
பழனிக்குமார்

*

பெங்களூரு
9.6.2025

பழனிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்.

மூட்டை வந்தது. அம்மா கட்டிய முடிச்சை அவிழ்க்கவே எனக்கு மனசு வரவில்லை. ஊறவைத்து, ஈரத்துணியில் பரப்பி, தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். இரண்டு நாளில் வெள்ளையாக மூக்கு நீட்ட வேண்டியது. நீட்டவில்லை. மேலும் இரண்டு நாள் பொறுத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. முளைத்தால்தான் அது பீருக்கு ஆகும், மாவெல்லாம் இனிப்பாக மாறும். உடன் வேலை பார்க்கும் ஆண்டனிராஜ், பழைய கம்பை உன் தம்பி உன் தலையில் கட்டிவிட்டான் என்று சிரித்தார்.

மிச்சமிருந்த மூட்டைக்குள் முகத்தை விட்டு மோந்தேன். நம் வீட்டு அடுப்படி வாசனை. நாலைந்தை வாயில் போட்டுக் கடித்தேன். மொறுமொறு என்றது.

அம்மா வறுத்திருக்கிறாள், பழனி. மூட்டை முழுவதையும், தீயாமல், ஒரே பதமாக. ஊர் விட்டு ஊர் போவதற்குள் வண்டு விழுந்துவிடக் கூடாது, மகளுக்கு அரைக்கிற வேலை மட்டும் மிச்சமிருக்கட்டும் என்று அந்த முட்டுவலியோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்து வறுத்திருக்கிறாள்.

அம்மா பிறந்ததிலிருந்து காட்டில் கிடப்பவள். வறுத்த விதை முளைக்காது என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டுமா? முளைகட்டத்தான் கேட்கிறேன் என்று தெரிந்திருந்தால் வறுத்திருப்பாளா? மாவுக்கு என்று நினைத்தால்தான் வறுப்பாள். பிஸ்கட் மாவுக்கு.

அப்படியானால் அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. ஆறு வருஷமாகத் தெரியாது. அவள் அழுததும் பொய், அவள் சொல்லச் சொன்னதும் பொய். என் வாயை அடைக்க அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டாய்.

இல்லை என்று எழுது. எழுத முடிந்தால்.

உடம்பைப் பார்த்துக்கொள். கல்யாண மாப்பிள்ளை இளைக்கக் கூடாது.

கௌசல்யா

*

பெங்களூரு
30.6.2025

பழனிக்கு,

மூன்று வாரமாகிறது. உன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரியும். குரூப்பில் வேட்டிக்கடை போட்டோவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய்.

நீ பதில் எழுதவில்லை என்று என் வேலை நிற்கவில்லை. வேறு கம்பு வாங்கி முளைகட்ட நாள் இல்லை. முளைகட்டிய பார்லி மால்ட்டை வாங்கி, அதோடு அம்மாவின் வறுத்த கம்பை அரைத்துச் சேர்த்துக் காய்ச்சிவிட்டேன். முளைக்காவிட்டால் என்ன, வாசனை இருக்கிறதே. இப்போது மூன்றாம் தொட்டியில் புளித்துக்கொண்டிருக்கிறது. மூடியைத் திறந்தால் முதல் நாள் கரைத்து வைத்த கம்மங்கூழ்ப் பானையைத் திறந்ததுபோல் இருக்கிறது.

பலகையில் என்ன எழுதப் போகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

அம்மாவும் நீயும் நன்றாக இருங்கள்.

கௌசல்யா

*

ஆத்தூர்
5.7.2025

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறோம். நீயும் நலமாக இரு.

ஆமாம். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் போவேன். அவள் அப்பா போட்டோவுக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருப்பாள், திரும்பி வந்துவிடுவேன். நாள் போகப் போக வாயே வரவில்லை. கம்பு எதற்கு என்று கேட்டாள். அக்கா கம்பு பிஸ்கட் செய்கிறாள் என்றேன். அவளுக்கு எம்புட்டு சந்தோஷம் தெரியுமா? அன்றைக்கே இரும்புச் சட்டியை எடுத்துவிட்டாள். வறுத்தால் முளைக்காது என்று எனக்கும் தெரியும் அக்கா. வறுக்காதே என்றால் ஏன் என்று கேட்பாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உன் காலில் விழுகிறேன். பலகையில் உன் பெயரையும் ஊரையும் எழுதாதே. யாராவது போட்டோ எடுத்துப் போட்டுவிடுவார்கள். தாலி கட்டி முடியட்டும். அப்புறம் நானே அம்மாவிடம் சொல்கிறேன்.

பழனிக்குமார்

*

பெங்களூரு
22.7.2025

அன்புள்ள பழனிக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நீ அம்மா பக்கத்தில் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாய் என்ற இடத்தில். ஆனால் நீ கேட்டதைச் செய்யவில்லை.

அப்புறம் என்றால் எப்போது? கல்யாணம் முடிந்தால் வளைகாப்பு, அது முடிந்தால் காதுகுத்து. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு வர வேண்டும். முடியாது.

கூட்டத்துக்கு முதல் நாள் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா, நான் செய்யறது பிஸ்கட்டு இல்ல, பீரு" என்றேன். கம்பு என்ன ஆனது என்பதையும் சொன்னேன். அம்மா போனை வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை.

மறுநாள் கூட்டம். ஆண்டனிராஜின் பலாப்பழ பீர் மூடியைத் திறந்ததும் பொங்கிக் கூரை வரை அடித்தது. மைசூர்க்காரர் ஒருவரின் பீப்பாய் வழியிலேயே கெட்டு, வினிகர் வாடையோடு வந்து சேர்ந்தது. அதையும் திருப்பி அனுப்பாமல் பெயரை எழுதி வைத்தார். அவருக்குத்தான் பெரிய கைதட்டல். காலியான பீப்பாயைக் கவிழ்த்து வைப்பது இங்கே வழக்கம். முதலில் கவிழ்ந்தது யாரோ ஒருவருடைய மாம்பழ பீர். இரண்டாவது என்னுடையது.

பலகையில் இப்படி எழுதினேன்:

காய்ச்சியது கௌசல்யா. ஊர் ஆத்தூர், திண்டுக்கல். கம்பு விளைவித்து வறுத்தது என் அம்மா மூக்காயி.

போட்டோவை வேறு யாரும் போட வேண்டாம் என்று நானே குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன். பிஸ்கட் கேட்ட சித்திக்கும் பதில் ஆயிற்று.

அம்மா சாப்பிடுகிறாளா? அதை மட்டுமாவது எழுது.

கௌசல்யா

*

ஆத்தூர்
3.8.2025

அக்காவுக்கு,

உன் உடம்பு நலமா? இங்கே யாரும் நலமாக இல்லை.

அம்மா சாப்பிடுகிறாள், ஆனால் என்னோடு பேசுவதில்லை. யாரோடும் பேசுவதில்லை. காட்டுக்குப் போகிறாள், வருகிறாள், சோறு வெஞ்சனம் வைக்கிறாள், படுத்துக்கொள்கிறாள். உன் பெயரையும் எடுக்கவில்லை.

பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சம்பந்தி வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் பேச வருகிறார்கள். நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தமிழ்மதி மட்டும் போன் செய்து, "உங்க அக்கா வேலையச் சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல, நீங்க ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டாள்.

ரேவதியே முடிச்சுப் போடட்டும் என்று பெரியப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். நீ வராமல் இருப்பது நல்லது என்கிறார். நான் எதுவும் பேசவில்லை.

பழனிக்குமார்

*

பெங்களூரு
7.8.2025

பழனிக்கு,

நான் நலம். நல்ல தெம்பாக இருக்கிறேன்.

நீ எதுவும் பேசவில்லை என்பது புதுச் செய்தி இல்லை. பேச வேண்டாம், கேட்டுக்கொள். பத்திரிகையில் என் பெயர் இருக்கிறது, நான் வருகிறேன். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மணவறைக்கு நேரே முதல் வரிசையில் உட்காருவேன். ரேவதி முடிச்சுப் போட்டால் கண்கொட்டாமல் பார்ப்பேன். பிறகு பந்தியில் பெரியப்பாவுக்கு எதிர் இலையில் உட்கார்ந்து பாயாசம் வரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். வேலை என்ன என்று யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

அம்மா என்னை வராதே என்று சொன்னால் மட்டும் வர மாட்டேன். அதை அவள் வாயால் சொல்ல வேண்டும். இனி உன் வாயால் அவள் பேச்சைக் கேட்க மாட்டேன்.

அம்மாவுக்கு மழைக்காலத்தில் கால் வலி கூடும். தைலம் அனுப்பியிருக்கிறேன். யார் அனுப்பியது என்று சொல்லியே கொடு.

கௌசல்யா

*

ஆத்தூர்
14.8.2025

கௌசல்யாவுக்கு அம்மா எழுதுறது.

நான் சொகமா இருக்கேன். நீயும் சொகமா இருக்கணும். தைலம் வந்துச்சு. அஞ்சாப்புக்குப் பெறகு பேனா பிடிக்கிறது இப்பத்தான். கோணலா இருந்தா சிரிக்காத. போனுல பேசலாம்ல, எதுக்கு எழுதுறன்னு கேப்ப. அக்காளும் தம்பியும் எனக்குத் தெரியாம இம்புட்டு நாளா எழுதிக்கிட்டீகள்ல, எனக்கும் ஒண்ணு எழுதணும்னு தோணுச்சு.

நீ போனுல சொன்னப்ப எனக்கு உங்கப்பன் மொகந்தான் வந்துச்சு. அதான் பேச்சு வரல. நீ செய்யிற வேல எனக்குப் பிடிக்கல. இனிமேலும் பிடிக்காது. அத மொதல்ல சொல்லிப்புடுறேன். ஆனா என்கிட்ட ஒளிச்சது அதவிடப் பிடிக்கல. நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா, சொன்னா ஒடஞ்சு போறதுக்கு? ஒங்கப்பனையே பாத்தவ நான். தம்பிய நல்லா வஞ்சுட்டேன். அழுதான். அழட்டும்.

நேத்து சம்பந்தி வந்தாரு. பெரியப்பனும் வந்தான். நம்ம ஆம்பளைக ஏழெட்டுப் பேரு கூடத்துல உக்காந்திருந்தாக. "சாராயம் காச்சுற கை தாலியத் தொடக்கூடாது, எம்மக ரேவதி முடிச்சுப் போடுவா"ன்னான் பெரியப்பன். நான் அடுப்படியில இருந்து வெளிய வந்தேன். ஒவ்வொருத்தரு மொகமா பாத்தேன். ஒங்கப்பனுக்கு ஊத்திக் குடுத்தவுகளே ரெண்டு பேரு அதுல இருந்தாக.

கேட்டேன். "காச்சுன எம்மக கை தொடக்கூடாதுன்னா, குடிச்ச கையும் தொடக்கூடாதுல? அப்ப குடிக்கிறவுக ஒருத்தரும் மண்டபத்துக்குள்ள வரவேணாம். அச்சதை போடவேணாம், பந்தியில உக்காரவேணாம். இங்க யாருக்கெல்லாம் சம்மதம், எந்திரிச்சுச் சொல்லுங்க"ன்னேன்.

ஒருத்தரும் எந்திரிக்கல. சம்பந்தி உடையப்பன்தான் சிரிச்சாரு. "அப்புடிப் பாத்தா நானே மண்டபத்துக்குள்ள வர முடியாதேம்மா. ஒங்க மகளே போடட்டும், எங்க புள்ளையும் அதத்தான் சொல்லுது"ன்னாரு. பெரியப்பன் துண்ட ஒதறிக்கிட்டு வெளிய போனான். செத்த நேரத்துல அவனே உள்ள வந்து காப்பி இருக்கான்னான்.

என் பேரப் பலகையில எழுதியிருக்க. என்னையக் கேட்டியா? கேட்டிருந்தா வேணாமுன்னுதான் சொல்லியிருப்பேன். எழுதிட்ட, இருந்துட்டுப் போவுது. ரேசன் கார்டத் தவிர வேற எங்கயும் யாரும் மூக்காயின்னு எழுதுனது இல்ல.

கல்யாணத்துக்கு மூணு நாளு முன்னாடியே வந்துரு. ரெண்டு முடிச்சும் நீதான் போடணும். நல்லா இறுக்கிப் போடு.

வறுத்து அனுப்பி உன் வேலையக் கெடுத்துப்புட்டேனேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிது. இன்னொரு மூட்ட கட்டிருக்கேன். தம்பிதான் தோள்ல தூக்கிட்டுப் போயி பஸ்ஸுல ஏத்திவிட்டான். கண்டக்டரு உள்ள என்னன்னு கேட்டதுக்கு, பீரு காச்சுறதுக்குக் கம்புன்னு சத்தமாச் சொன்னானாம்.

இந்த வாட்டி வறுக்கல.

அம்மா,
மூக்காயி